நீலத் தறப்பாளுக்குக் கீழே ஒரு மாதச் செலவு

நுவரெலியாச் சந்தையில் கால் கிலோ கரட்டுக்குக் கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொழும்பில்கூட நான் அந்த விலைக்கு வாங்கியதில்லை. "பக்கத்துலதானே வெளையுது, கப்பல்லயா வருது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "வெளையிறது இங்கதாம்மா. லொறியில ஏறித் தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போகுது. அங்கேருந்து திரும்பி வருது. போற கூலி, வர்ற கூலி ரெண்டும் நீங்கதான் குடுக்கணும்" என்றார்.

பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் சிரித்தார். "நம்மளும் அந்தக் கரட்டுதான்" என்றார். அது என்னவோ உண்மைதான். இரண்டு பேரும் இந்த மலையில் பிறந்தவர்கள். நான் கொட்டகலைப் பக்கம், அவர் நல்லதண்ணிப் பக்கம். வயிற்றுப் பிழைப்புக்குக் கொழும்புக்கு இறங்கி, தலை நரைத்த பிறகு ஒரு பழைய வேனில் ஏறித் திரும்பி வந்திருந்தோம். ஊர் பார்க்க இரண்டு நாள் வந்தவர்கள் இல்லை. வேன்தான் வீடு.

நடந்தது இதுதான். கொழும்பில் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரே மூச்சில் வாடகையை இரண்டு மடங்காக்கினார். அந்த நேரத்தில் நான் ஆடைத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். என் வீட்டுக்காரரும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வேன் ஓட்டத்தை வேறு ஒருவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். வத்தளையில் இருக்கிற எங்கள் ஒரே மகள், "மேல் மாடி அறை சும்மாதானேம்மா கெடக்கு, வந்துருங்க" என்றாள். எனக்குச் சம்மதம். அவர் மட்டும் ஒரே பிடியாக நின்றார். "அங்க போறதுக்கு நான் ரோட்டுல படுத்துக்கிறேன்" என்றார். சொன்னதோடு நிற்காமல் வேன் சீட்டுகளைக் கழற்றிப் பலகை அடிக்கத் தொடங்கிவிட்டார். மருமகன் வீட்டுச் சோறு கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார், ஆண்பிள்ளை வீம்பு என்று நான் முடிவு கட்டினேன்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். என் சேமலாப நிதிப் பணமும் அவர் சேர்த்து வைத்ததும் வங்கியில் கிடந்தன. மாதம் நாற்பதாயிரம் ரூபாய் வட்டி வரும். அதற்குள் வாழ முடிந்தால் வேன். தொடர்ந்து மூன்று மாதம் தாண்டினால் மறுபேச்சில்லாமல் மகள் வீட்டு மாடி. கணக்கு என் பொறுப்பு. தொழிற்சாலை ஸ்டோரில் இருபது வருடத்துக்கு மேல் பட்டன் எண்ணியவள் நான். ஒரு பிளேன்டீ குடித்தாலும் உடனே வாட்ஸ்அப்பில் எனக்கு நானே ஒரு செய்தி அனுப்பிக்கொள்வேன். அவருக்கு அந்த 'டிங்' சத்தம் கேட்டாலே முகம் சுருங்கும்.

முதல் மாதம் நான் வாயைப் பிளந்ததிலேயே போயிற்று. ஒரு ஏரிக்கரையில் கூடாரம் அடிக்க இடம் தருகிறார்கள் என்று போனோம். புல்தரையில் நம் கூடாரத்தை நாமே அடித்து நம் பாயில் நாமே படுக்க, ஒரு நல்ல விடுதி அறைக்குக் கொடுக்கிற காசைக் கேட்டார்கள். சுடுதண்ணீருக்குத் தனி. நெருப்பு மூட்ட விறகுக் கட்டு தனி. அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனையும் மிலாறு. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது கழிக்கிற குச்சி. சின்ன வயதில் நான் தலைச்சுமையாகச் சும்மா கொண்டு வந்தது. அதை நைலான் கயிற்றில் அழகாகக் கட்டி விற்கிறார்கள், நானும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். "எங்க அம்மா இருந்திருந்தா என்னை வெளக்கமாத்தால அடிச்சிருக்கும்" என்று அவரிடம் சொன்னேன். டீசல் செலவை எழுதவே கை வரவில்லை. அந்த மாதம் தாண்டியது.

இரண்டாம் மாதம் அவர் பிறந்த பக்கம் என்பதால் நல்லதண்ணிக்குப் போனோம். யாத்திரைக்காரர்கள் மலை ஏறுகிற பருவம். வேன் நிறுத்தக் காசு, கழிப்பறைக்குக் காசு. ஒவ்வொரு வளைவிலும் பிளேன்டீ விலை எங்களோடு சேர்ந்து மேலே ஏறியது. அங்கிருந்து பட்டிப்பொலப் பக்கம் போனால் ஒரே காற்றில் கூடாரம் உச்சியிலிருந்து அடிவரை கிழிந்தது. அந்த மாதமும் தாண்டியது.

ஆக, மூன்றாம் மாதத்தில்தான் எல்லாம் இருந்தது. அவர் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். காலையில் பாண் வாங்கினால் ஒரு துண்டோடு எழுந்துவிடுவார். ஒரு மனிதர் மகள் வீட்டுக்குப் போகாமலிருக்க இப்படியா வயிற்றைக் கட்டுவார் என்று எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

புதுக் கூடாரத்தின் விலை கேட்டுத் தலை சுற்றியது. டவுனில் ஒரு பழைய சாமான் கடைக்காரர் உள்ளே இருந்து நீல நிறப் பிளாஸ்டிக் தறப்பாள் ஒன்றை எடுத்துப் போட்டார். நல்ல தடிப்பு. ஒரு பக்கத்தில் ஏதோ நிவாரண நிறுவனத்தின் சின்னம் பாதி தேய்ந்து தெரிந்தது. கூடார விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நான் விலையைப் பார்த்தேன், வேறு எதையும் பார்க்கவில்லை.

அந்தத் தறப்பாளோடு உடப்புசல்லாவைப் பாதையில் ஒரு தோட்டத்துக்குள் போனோம். கொழுந்து நிறுக்கிற மடுவம் ஒன்று கூரை போய்க் கைவிடப்பட்டுக் கிடந்தது. அதன் சுவரோரம் வேனை நிறுத்தி, தறப்பாளைக் கட்டி இழுத்து அடுப்படியும் படுக்கையும் ஆக்கினோம். கொஞ்ச நேரத்தில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்தார். தூக்கு என்று விரட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தறப்பாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இருங்க, இருங்க. தொரைக்கு நான் சொல்லிக்கிறேன்" என்று போய்விட்டார். இட வாடகை சைபர் என்று போட்டபோது எனக்குக் கை சும்மா நிற்கவில்லை. இரண்டு சைபர் போட்டேன்.

மறுநாள் காலை கீழே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் தேங்காய் ரொட்டியும் சம்பலும். "சூடா இருக்கையிலயே சாப்பிடுங்கக்கா" என்றாள். மத்தியானம் இன்னொரு வீட்டிலிருந்து சோறும் பருப்பும் நெத்திலிக் கருவாடும். அதற்கடுத்த நாள் அரிசி, மாவு, தேயிலைத் தூள். நான் காசை நீட்டினால் கையைத் தட்டிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு என்று பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணே திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். "நீங்க வச்சுக்கிங்கக்கா, ஒங்களுக்குத்தான் வேணும்" என்றாள்.

எனக்கு இன்னொன்றும் அதிசயமாக இருந்தது. எங்கள் ஆட்கள் புது முகத்தைக் கண்டால் ஐந்து நிமிடத்தில் எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் மகள், எத்தனை பிள்ளை, யாரைக் கட்டினாய் என்று ஏழு தலைமுறையையும் உருவி எடுப்பார்கள். இங்கே ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் பேச்சை ஆரம்பித்தாலும், "சரிக்கா, அதெல்லாம் எதுக்கு" என்று என் கையைத் தடவி விட்டுப் பேச்சை மாற்றினார்கள். காலம் மாறிவிட்டது, தோட்டத்து ஜனம் நாகரிகமாகிவிட்டது என்று நான் மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த லயத்துப் பெண்கள் கைக்காசுக்குப் போனார்கள். ஓய்வு நாளில் கொழுந்து பறித்தால் சம்பளத்தோடு சேராமல் அன்றைக்கே கையில் காசு கிடைக்கும், அதைத்தான் கைக்காசு என்பார்கள். கூடையோடு என்னைத் தாண்டிப் போனவர்களிடம், "ஞாத்துக்கெழமையாச்சும் படுத்து எந்திரிங்கடி, ஒடம்பு என்னத்துக்காகும்" என்று நான் வேறு புத்தி சொன்னேன். அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

கணக்கில் சாப்பாட்டுக்கு நேரே 'அன்பளிப்பு' என்று எழுதினேன். மாதம் முடியச் சில நாட்கள்தான் இருந்தன. இருபதாயிரத்தைக்கூடத் தொடவில்லை. எனக்கே நம்ப முடியாமல் மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். மகளுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். அவர் மட்டும் தொகையைக் கேட்டுவிட்டு, "நல்லது" என்று ஒரே வார்த்தையோடு தண்ணீர் எடுக்கப் பீலிக்கரைக்குப் போனார். மனிதர் சந்தோஷத்தைக்கூட அளந்துதான் காட்டுவார் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு சாயங்காலம். ரொட்டி கொண்டுவந்த அந்தப் பெண் இன்னும் கொழுந்துக் கறை போகாத கையோடு வந்து, மடித்த நோட்டுகளை என் கையில் வைத்து அழுத்தினாள்.

"அக்கா, இது இந்த வாரக் கைக்காசு. தோட்டத் தலைவரு குடுத்துறச் சொன்னாரு. கம்பளி ஒண்ணு வாங்கிக்கிங்க. இந்தக் குளுருல எப்படித்தான் இதுக்குள்ள படுக்கிறீங்களோ."

"எங்களுக்கு எதுக்கும்மா காசு?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? போன ரெண்டு வாரக் கைக்காசுலயும் அரிசி, மாவுன்னு வாங்கிட்டோம். இந்த வாரம் காசாவே குடுத்துருவோம்னு பொம்பளைங்க எல்லாருமாத்தான் பேசிக்கிட்டோம்."

நான் புத்தி சொல்லி அனுப்பிய அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்காகப் போனவையா? "எங்களுக்கு என்ன ஆச்சுன்னு நெனச்சீங்க?" என்று கேட்டேன். அவள் பதறிப்போய் என் வாயைப் பொத்த வந்தாள்.

"வேணாங்கா, அதப் பத்திப் பேச வேணாம். நாங்க கேக்கவே மாட்டோம். புள்ளைங்ககிட்டயும் சொல்லி வச்சிருக்கோம். எந்தத் தோட்டம், எத்தனை பேரு மண்ணுக்குள்ள போனாங்கன்னு அவங்ககிட்ட யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு."

நான் திரும்பித் தறப்பாளைப் பார்த்தேன். அந்தத் தேய்ந்த சின்னம் பாதைப் பக்கமாகத்தான் இருந்தது. நல்ல பக்கம் உள்ளே இருக்கட்டும் என்று நாங்களேதான் அந்தப் பக்கத்தை வெளியே வைத்துக் கட்டியிருந்தோம். போன கார்த்திகைப் பெருமழையில் மலை சரிந்து எத்தனையோ லயம் மண்ணோடு போனதும், மிஞ்சியவர்கள் இதே நீலத் தறப்பாளுக்குக் கீழே கிடந்ததும் எனக்குத் தெரியாதா? தொலைக்காட்சியில் பார்த்து அழுதவள்தானே? ஆனால் என் தலைக்கு மேலே கட்டியிருந்ததை அதோடு சேர்த்து நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

"தங்கச்சி, எங்களுக்கு மண்சரிவுல ஒண்ணும் ஆகல" என்றேன்.

"சரிக்கா, சரிக்கா. மொதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க" என்றாள். எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றே அவள் நினைத்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் கண் கலங்கியது. அதைப் பார்க்க முடியாமல் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லயத்துக்கே நடந்தேன்.

லயத்து வாசலில் பெண்கள் இருந்தார்கள். தோட்டத் தலைவரும் படியில் உட்கார்ந்திருந்தார். எல்லோர் முன்னாலும் உடைத்துச் சொன்னேன். எங்களுக்கு எந்த இழவும் விழவில்லை. வாடகை வீட்டை விட்டுவிட்டு நாங்களாகத்தான் கிளம்பி வந்தோம். வத்தளையில் மகள் இருக்கிறாள், அவள் வீட்டில் அறை இருக்கிறது. ஊர் ஊராகப் போய் இப்படித் தங்கிப் பார்க்கிறோம்.

என் கையைப் பிடித்திருந்தவள்தான் முதலில் கேட்டாள். "சும்மாவா? சந்தோசத்துக்கா?"

"ஆமா."

"வீட்டுல அறை இருக்கையிலயா?" அவள் கையை விட்டுவிட்டாள். "எங்க அண்ணன் குடும்பம் மூணு மாசம் இந்த மாதிரித் தறப்பாளுக்குள்ள கெடந்துச்சுக்கா. அதுல மழ விழுற சத்தம் கேட்டா அண்ணி இன்னைக்கும் எந்திரிச்சு ஓடும். அதுல போயி வேணும்னு யாராச்சும் படுப்பாங்களா?"

பின்னால் நின்ற ஒரு சின்னப் பெண் களுக்கென்று சிரித்தாள். அது இன்னொருத்திக்குத் தொற்றி, பிறகு வாசல் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. "நாம என்னமோ நெனச்சு அழுதா இவங்க பிக்னிக் வந்திருக்காங்கடி" என்றாள் ஒருத்தி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை, அதுதான் என்னைக் கூசவைத்தது. ரொட்டி கொடுத்தவள் மட்டும் சிரிக்கவில்லை.

தின்றதற்கெல்லாம் காசு தருகிறேன் என்றேன். தலைவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "சோத்துக்குக் காசு வாங்குற பழக்கம் இங்க இல்லம்மா. மனசு கேக்கலன்னா கீழ் டிவிசன் ஸ்கூல்ல வீடு போன நாலஞ்சு குடும்பம் இன்னும் இருக்கு. அவங்களுக்கு அரிசி வாங்கிப் போடுங்க." பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஆனா தலைவருங்கிற மொறையில நான் ஐயாகிட்ட ஒரு தடவ கேட்டேனே. நீங்க வந்த மொத வாரம், பீலிக்கரையில. எந்தத் தோட்டம்னேன், நல்லதண்ணிப் பக்கம்னாரு. வீடு போச்சான்னேன். ஆமாங்கிற மாதிரி தலைய ஆட்டுனாரு. நானும் அதுக்கு மேல கேக்கல. வேன் ஒண்ணுதான் மிஞ்சிருக்கு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அதுவரை பட்டதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு முதல் வாரமே எல்லாம் தெரியும்.

திரும்பி வந்தபோது அவர் வேன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தேய்க்கிற கை நின்றது. நான் கத்தினேன். நாற்பது வருடத்தில் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை.

"மக வீட்டுல ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க மூஞ்சியத் தூக்குற ஆளு நீங்க. இங்க வெயில்லயும் பனியிலயும் கூடை சொமந்தவளுக கைக்காச வாங்கித் தின்னீங்களே! மருமகன் சோறு கசக்குது, இது மட்டும் இனிச்சுதா?"

நான் விடவில்லை. அவர் எதிரிலேயே போனை எடுத்து அரிசி, மாவு, பருப்பு, கருவாடு, தேங்காய், தேயிலைத் தூள் என்று ஒவ்வொன்றையும் கடை விலைக்குப் போட்டேன். ஏரிக்கரைக்காரன் கேட்ட இட வாடகையையும் நாள் கணக்கில் போட்டேன். நாற்பதாயிரம் எங்கேயோ பின்னால் போய்விட்டது. "பாருங்க, மூணாவது மாசமும் தாண்டிருச்சு. பேசினபடி மாடிதான். நாளைக்கே கெளம்புங்க" என்றேன்.

அவர் பானையைக் கவிழ்த்து வைத்தார். "தப்புத்தான்" என்றார். "மொத நாளே சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல." கொஞ்ச நேரம் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே இருந்தார். "இங்க இத்தன நாளா இருக்கோம். ஒருத்தராச்சும் எத்தன நாளைக்கு இருப்பீங்கன்னு கேட்டாங்களா?"

"ஒங்கள யாரு அப்படிக் கேட்டா? மருமகனா?"

"அவன் பாவம், தங்கமான பய. அவன் ஏன் கேக்கப் போறான்." என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஒம் மகதான். போன தீவாளிக்கு. நீ குளிக்கப் போயிருந்த. தேத்தண்ணியக் கையில குடுத்துக்கிட்டே, எத்தன நாளைக்குப்பா இருப்பீங்கன்னு கேட்டா."

"அவ சாதாரணமாக் கேட்டிருப்பா."

"சாதாரணமாத்தான் கேட்டா" என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். மகள் எப்படிக் கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அடுப்பைப் பார்த்துக்கொண்டு, வேறு ஏதோ யோசனையில், அரிசி எவ்வளவு போட வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கேட்டிருப்பாள். இவர் அந்தக் கோப்பையை முழுக்கக் குடித்திருப்பார். நான் வந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்திருப்பார். பிள்ளையை என்னிடம் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வீம்புக்காரர் என்ற பெயரைத் தானே வாங்கிக்கொண்டிருக்கிறார். நானும் எல்லோரிடமும் அதையே சொல்லித் திரிந்தேன். கோபம் அவர்மேலா, மகள்மேலா, என்மேலா என்று தெரியாமல் அழுதேன்.

விடிந்ததும் தறப்பாளை அவிழ்த்தோம். நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெண் கொழுந்துக்குப் போய்விட்டிருந்தாள். அந்தக் கைக்காசு நோட்டுகளை முந்தின நாள் சாயங்காலமே தலைவர் கையில் கொடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேனை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"வத்தளைக்கா?" என்று கேட்டார். வாடகைக்கு ஓடுகிற டிரைவர் கேட்கிற மாதிரி, முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"இல்லங்க" என்றேன். "அரிசிக் கடைக்கு விடுங்க. அங்கேருந்து ஸ்கூலுக்கு. அதுக்கப்புறம் எங்கேன்னு எனக்கும் தெரியல."